கண்ணாடியிலிருந்து கான்டாக்ட் லென்ஸ்: பவர் -5.50 / -6.25, வயது 41. மாறலாமா?

தூரப்புள்ளி

வலது கண் -5.50, சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாக வேண்டிய பவர்) இல்லை. இடது கண் -6.25, சிலிண்டர் -1.25, ஆக்சிஸ் (சிலிண்டரின் திசை, டிகிரியில்) 180. வயது 41. படிப்பதற்குத் தனிக் கண்ணாடி இன்னும் எழுதித் தரவில்லை. தினமும் ஒன்பது மணி நேரம் கணினித் திரை, வாரம் மூன்று நாள் இறகுப்பந்து. ஆட்டத்தில் வியர்வையோடு கண்ணாடி மூக்கில் வழுக்குவதும், பக்கவாட்டில் வரும் பந்து ஃப்ரேமுக்கு வெளியே மங்கிப் போவதும்தான் மாற நினைப்பதற்குக் காரணம்.

கேட்க வேண்டியவை: கையில் இருக்கும் கண்ணாடிச் சீட்டை வைத்தே லென்ஸ் வாங்கலாமா? இடது கண்ணின் சிலிண்டரை விட்டுவிட்டுச் சாதா லென்ஸ் போட்டால் என்ன ஆகும்? கண்ணாடியை முழுசாக விட்டுவிட முடியுமா? ஒரு நாள் போட்டு எறியும் தினசரி லென்ஸா, மாத லென்ஸா?

டாரிக்_கை

கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்காதீர்கள். பவரும் ஒத்து வராது, அளவும் அதில் இருக்காது.

பவரை முதலில் பார்ப்போம். கண்ணாடி கருவிழியிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. மைனஸ் வில்லையைக் கண்ணுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவருகிறோமோ அவ்வளவு அதன் பலம் கூடும், அதனால் லென்ஸில் பவரைக் குறைக்க வேண்டும். 4.00 வரை இந்த வித்தியாசம் கால் பவரைத் தொடாது. உங்கள் பவரில் தொடும். கணக்கு இதுதான்: பவரை 0.012-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டி, வந்த எண்ணால் பவரை வகுக்கவும். 5.50 × 0.012 = 0.066. 5.50 ÷ 1.066 = 5.16. ஆக வலது கண் -5.25 பக்கம் வரும்.

இடது கண்ணில் சிலிண்டர் இருப்பதால் இரண்டு திசைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரு திசையில் 6.25, அது 5.81 ஆகிறது. மற்றதில் 6.25-உம் 1.25-உம் சேர்ந்து 7.50, அது 6.88 ஆகிறது. இரண்டுக்கும் இடைவெளி 1.07. கண்ணாடியில் 1.25 என்று எழுதியிருந்த சிலிண்டர் கருவிழியின் மேல் 1.07 தான். சிலிண்டர் பவருக்கான டாரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற படிகளில் வரும். 1.07 என்று யாரும் செய்வதில்லை. -5.75 / -1.25 போடுவதா, -6.00 / -0.75 போடுவதா என்பதைத் தாளில் முடிவு செய்ய முடியாது. ட்ரையல் லென்ஸ் போட்டு, இருபது நிமிடம் உட்கார வைத்து, அதன் மேல் மறுபடி பவர் பார்க்க வேண்டும்.

சாதா லென்ஸ் போட்டால்? சிலிண்டரில் பாதியை மெயின் பவரோடு சேர்ப்பார்கள். உங்களுக்கு அது -6.34. -6.00க்கு மேல் பல லென்ஸ்கள் அரைப் பவர் படியில்தான் கிடைக்கும் என்பதால் -6.00 அல்லது -6.50. எது போட்டாலும் எழுத்துக்கு நிழல் விழும், இரவில் எதிரே வரும் விளக்கு கோடாக இழுபடும். 0.75 சிலிண்டர் வரை பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரு கண் பளிச்சென்று தெரியும்போது மற்றக் கண்ணில் 1.07 பாக்கி வைப்பது தலைவலிக்கு வழி.

இனி அளவு. லென்ஸ் பெட்டியில் பேஸ் கர்வ் (உள்பக்க வளைவின் ஆரம்), டயாமீட்டர் (விட்டம்) என்று இரண்டு எண்கள் இருக்கும். மென்மையான லென்ஸில் பேஸ் கர்வ் பெரும்பாலும் 8.3 முதல் 8.9 மி.மீ., டயாமீட்டர் 14 மி.மீ. சுற்றி. இரண்டு கம்பெனிகளின் 8.6 ஒரே மாதிரி உட்காரும் என்று நினைக்க வேண்டாம், பொருளும் ஓர வடிவமும் வேறு. அதனால்தான் லென்ஸ் சீட்டில் பிராண்டின் பெயரையும் எழுதுகிறார்கள். அதே பேஸ் கர்வ் உள்ள வேறு பிராண்டைத் தரும் கடைக்காரர் உங்களுக்கு வேறு லென்ஸைத் தருகிறார் என்றுதான் அர்த்தம்.

தளர்ந்த லென்ஸ் முதல் நிமிடத்திலேயே உறுத்தும், இமைத்த உடனே பார்வை மங்கும், கீழ் இமையில் ஓரம் தட்டும். அது நல்லது, தொல்லையை உடனே காட்டிவிடுகிறது. இறுக்கமான லென்ஸ்தான் கள்ளன். முதல் இரண்டு மணி நேரம் போட்டதே தெரியாது. இமைத்ததும் ஒரு நொடி பார்வை தெளியும், பிறகு மங்கும். மாலையில் கழற்றினால் வெள்ளை விழியில் வட்டமாக ஓர் அச்சு, சுற்றிலும் சிவப்பு. லென்ஸுக்கு அடியில் கண்ணீர் மாறாமல் தேங்கியதற்கான அடையாளம் அது. சரியான லென்ஸ் ஒவ்வொரு இமைப்புக்கும் கால் முதல் அரை மி.மீ. வரை அசைந்து திரும்பும்.

டாரிக்கில் இன்னொரு விஷயம், சுழற்சி. லென்ஸின் கீழ்ப்பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால் அது ஆறு மணி முள்ளின் இடத்தில் நிற்க வேண்டும். 10 டிகிரி திரும்பினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் பாக்கி நிற்கும். 30 டிகிரி திரும்பினால் டாரிக் போட்டதற்கே பலன் இல்லை, முழுச் சிலிண்டரும் வேறு ஆக்சிஸில் திரும்பி வந்துவிடும். ஒரே இடத்தில் நிலையாகத் திரும்பி நின்றால் ஆக்சிஸை மாற்றிச் சரிக்கட்டலாம். ஒவ்வொரு இமைப்புக்கும் ஒரு பக்கம் போகிறது என்றால் அந்த லென்ஸ் உங்களுக்கு ஆகாது, வேறு டிசைன் கேளுங்கள். பந்தைப் பார்க்கத் தலையை அண்ணாந்து, கண்ணை மேலேயும் பக்கத்திலும் உருட்டி, பிறகு நேரே பார்த்து ட்ரையலிலேயே சோதியுங்கள். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தால் எந்த டாரிக்கும் நேராகத்தான் நிற்கும்.

வெள்ளெழுத்து

கணக்கு சரி. ஆனால் கேள்வியில் இருக்கும் முக்கியமான எண் 41.

கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவருக்குக் கிட்டத்தில் ஓர் இலவசச் சலுகை உண்டு. -6.00 கண்ணாடி வழியாக 40 செ.மீ. தூரத்தில் படிக்கும்போது கண் சுமார் 2.1 டயாப்டர் (பவரின் அலகு) குவித்தால் போதும். அதே கண் லென்ஸ் போட்டால் 2.4க்கு மேல் குவிக்க வேண்டும். வித்தியாசம் 0.3 தான், இருபத்தைந்து வயதில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 41-இல் கையிருப்பே குறைந்துகொண்டு வரும் நேரம். ‘லென்ஸ் போட்டதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது’ என்று பலர் புகார் செய்வது இதைத்தான். லென்ஸ் கொண்டுவரவில்லை, கண்ணாடி மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டிவிட்டது. கண்கள் உள்ளே குவிவதற்கும் மைனஸ் கண்ணாடி கொஞ்சம் உதவுகிறது. லென்ஸில் அந்த உதவியும் போய்விடும்.

இன்னொன்று. மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் பார்க்க இப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே பிடிப்பீர்கள் இல்லையா? லென்ஸை நெற்றிக்கு ஏற்ற முடியாது.

ஆகவே ட்ரையல் போட்ட பிறகு தூரத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கைப்பேசியில் பத்து நிமிடம் படியுங்கள், மடிக்கணினி தூரத்தில் படியுங்கள். சிரமமாக இருந்தால் வழி மூன்று. லென்ஸுக்கு மேல் +0.75 அல்லது +1.00 படிக்கும் கண்ணாடி, இதுதான் எளியது. அடுத்தது, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன். பந்தின் தூரத்தை மட்டுப்பிடிக்க இரண்டு கண்ணும் சமமாக வேண்டும் என்பதால் விளையாடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது, ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் வைக்கும் மல்டிஃபோக்கல். அதில் சிலிண்டரும் சேர்ந்து வேண்டுமென்றால் தேர்வு மிகவும் சுருங்கிவிடும்.

லாபத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் பவர் கண்ணாடியில் எல்லாம் சிறிதாகத் தெரிகிறது, ஓரங்களில் வளைகிறது. லென்ஸில் பொருள்கள் பெரிதாகும், ஓரப்பார்வை திறக்கும். முதல் இரண்டு மூன்று நாள் தரை பக்கத்தில் வந்த மாதிரி இருக்கும். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடியுங்கள்.

ஈரவிழி

ஒன்பது மணி நேரத் திரை என்கிறீர்கள். பவரை விட அதுதான் முடிவு செய்யும்.

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகும், அந்த இமைப்பும் அரைகுறையாக இருக்கும். லென்ஸ் போட்ட கண்ணில் கண்ணீர்ப் படலம் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்து, லென்ஸுக்கு மேலே மெலிந்து கிடக்கிறது. இமைக்காவிட்டால் லென்ஸின் முகப்பு காய்கிறது, காய்ந்த முகப்பில் இமை உரசுகிறது. மதியத்துக்கு மேல் கண் கரிப்பது இதனால்.

பரிசோதனையில் கண்ணீர்ப் படலம் உடையும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில், ஒரு தடவை இமைத்த பிறகு கறுப்புத் திட்டு தோன்றும் வரை நொடி எண்ணுவார்கள். பத்து நொடிக்குக் குறைந்தால் கவனம். ஐந்துக்கும் கீழே என்றால் லென்ஸை ஒத்திப்போட்டு இமையைக் கவனியுங்கள்: இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு இமையோரத்தை மெதுவாக நீவிவிடுவது, தினமும், சில வாரங்கள். மேல் இமையை மடித்துப் பார்க்கவும் சொல்லுங்கள். உள்பக்கம் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அலர்ஜி அடங்கும் வரை லென்ஸ் வேண்டாம். (சாயம் மென்மையான லென்ஸில் ஏறினால் போகாது, லென்ஸ் போடாமல் செய்யும் சோதனை இது.)

அலர்ஜி மாத்திரைகளும், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் கண்ணை உலர்த்தும். சாப்பிடுவது எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கண் காய்கிறது என்று ‘நீர்ச்சத்து அதிகம்’ என்று எழுதிய லென்ஸைத் தேடி ஓடாதீர்கள். நீர்ச்சத்து மிகுந்த பழைய வகை ஹைட்ரோஜெல் (நீர் ஊறும் மென்மையான லென்ஸ் பொருள்) ஏசி அறையில் தன் நீரை இழந்து, இழந்ததைக் கண்ணீரிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். சொட்டு மருந்து வாங்கினால் லென்ஸோடு போடலாம் என்று எழுதியிருக்க வேண்டும். பென்சல்கோனியம் குளோரைடு என்ற கெடாமல் காக்கும் பொருள் கலந்திருந்தால் அது மென்மையான லென்ஸில் ஊறித் தங்கும். சிவப்பைப் போக்கும் சொட்டு இதற்கானதே அல்ல.

என் கருத்து: திரை நேரத்துக்குக் கண்ணாடி, ஆட்டத்துக்கும் வெளியே போவதற்கும் லென்ஸ். வாரம் மூன்று நாலு தடவை, தினசரி டாரிக்.

தூரப்புள்ளி

கண்ணீர்ச் சோதனை இதுவரை யாரும் செய்ததில்லை, கேட்கிறேன். தினசரி லென்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். போடுவது, கழற்றுவது எப்படி? விரல் கிட்டே வந்தாலே கண் தானாக மூடிக்கொள்கிறது.

இமைப்பீலி

இமைதான் மூடுகிறது, அதனால் பிடிக்க வேண்டியதும் இமையைத்தான். பெரும்பாலோர் இமைத் தோலின் நடுவில் பிடிக்கிறார்கள், அங்கே பிடித்தால் நழுவும். இமைமயிர் முளைக்கும் விளிம்பில் பிடியுங்கள்.

நகம் வெட்டியிருக்கட்டும். வாசனையும் எண்ணெய்ப் பசையும் இல்லாத சோப்பில் கை கழுவி, பிசிறு விடாத துணியில் முழுக்கத் துடையுங்கள். எப்போதும் வலது கண் முதலில், பவர் மாறிப் போகாமல் இருக்க அது ஒன்றே வழி. ஆள்காட்டி விரல் நுனி காய்ந்திருக்க வேண்டும், லென்ஸ் ஈரமாக இருக்க வேண்டும். எது அதிக ஈரமோ அதில்தான் லென்ஸ் ஒட்டும். விரல் நனைந்திருந்தால் லென்ஸ் கண்ணுக்குப் போகாமல் விரலிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும், பழகாதவர்கள் பத்து தடவை தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கிண்ணம் மாதிரி ஓரம் நேரே நின்றால் சரி. தட்டு மாதிரி வெளியே விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. திருப்பிப் போட்டால் கண்ணுக்குக் கேடில்லை, ஆனால் நிற்காது, உறுத்தும், டாரிக் என்றால் பார்வையும் தெளியாது. ஓரம் கிழிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அதே கையின் நடுவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். மற்றக் கையை நெற்றிப் பக்கமிருந்து கொண்டுவந்து மேல் இமை விளிம்பைப் புருவ எலும்போடு சேர்த்துப் பிடியுங்கள். லென்ஸைப் பார்க்க வேண்டாம், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் மற்றக் கண்ணைப் பாருங்கள். லென்ஸ் தொட்டதும் அவசரப்பட்டு இமையை விடாதீர்கள், எல்லோரும் தவறுவது இங்கேதான். மெதுவாகக் கீழே பார்த்து, முதலில் கீழ் இமை, பிறகு மேல் இமை. எரிந்தாலோ குத்தினாலோ கழற்றி, கிருமி நீக்கிய சலைனில் அலசி, நூல் பிசிறு இருக்கிறதா பார்த்து மறுபடி.

கழற்றும்போது மேலே பாருங்கள். கீழ் இமையை இறக்கி, ஆள்காட்டி விரலால் லென்ஸை வெள்ளை விழிக்கு இழுங்கள். அங்கே வைத்து, விரல்களின் சதைப் பகுதியால் கிள்ளி எடுங்கள். கருவிழி மேல் வைத்துக் கிள்ளவே கூடாது. லென்ஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் அதோடு கருவிழியின் மேல் தோலும் உரிந்து வரும். சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் இமைத்து, லென்ஸ் அசைகிறது என்று தெரிந்த பிறகு எடுங்கள்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வெள்ளை விழியை மூடும் சவ்வு இமைக்குள் மடிந்து திரும்பிவிடுகிறது, பின்னால் வழியே கிடையாது. காணவில்லை என்றால் மேல் இமைக்கு அடியில் மடிந்து கிடக்கும். சொட்டு விட்டு, கீழே பார்த்தபடி மேல் இமையை வெளியிலிருந்து நீவினால் இறங்கிவரும்.

முதல் நாள் நாலு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டினால் போதும்.

டாரிக்_கை

தினசரி லென்ஸையே ஒரே பதிலாக எல்லோரும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தினசரி டாரிக்கில் எல்லாப் பவரும் எல்லா ஆக்சிஸும் வருவதில்லை. -0.75 சிலிண்டர்தான் சரி என்று ட்ரையலில் வந்து, அதில் வரும் தினசரி லென்ஸ் உங்களுக்கு உட்காராவிட்டால் மாத லென்ஸ் பக்கம் போக வேண்டியிருக்கும். போனால் இவற்றை மட்டும் மாற்றாதீர்கள்:

மாதம் என்பது பாக்கெட் பிரித்த நாளிலிருந்து, போட்ட நாள்களின் கணக்கு அல்ல. உள்ளங்கையில் லென்ஸை வைத்து, சொல்யூஷன் (லென்ஸைச் சுத்தம் செய்யும் திரவம்) விட்டு, விரல் சதையால் ஒரு பக்கத்துக்கு இருபது நொடி தேயுங்கள், ‘தேய்க்க வேண்டாம்’ என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும். பிறகு சொல்யூஷனிலேயே அலசி ஊற வையுங்கள். கேஸில் (லென்ஸ் வைக்கும் டப்பா) நேற்றைய சொல்யூஷன் மேல் புதியதை ஊற்றவே கூடாது. கிருமிகொல்லி இரவிலேயே செலவாகிவிட்டது, மிச்சம் இருப்பது கிருமிக்குக் குளம். காலையில் கேஸைக் கொட்டி, சொல்யூஷனில் அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடி திறந்து கவிழ்த்து வையுங்கள். குளியலறையில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு புதிய கேஸ். சலைன் அலசத்தான், அது கிருமியைக் கொல்லாது.

சொல்யூஷன் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வகை இருக்கிறது. அதோடு வரும் கேஸின் அடியில் பிளாட்டினம் பூசிய வட்டு இருக்கும், பெராக்சைடைத் தண்ணீராக்குவது அதுதான். ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்தாலோ சாதாக் கேஸில் ஊற்றினாலோ கண் வெந்து போகும். எச்சரிக்கையாக வைத்த சிவப்பு மூடியைப் பார்த்தும் சொட்டு மருந்து என்று எடுத்துக் கண்ணில் விட்டவர்கள் உண்டு.

தூரப்புள்ளி

கடைசியாக: ஆட்டம் முடிந்து லென்ஸோடே குளிக்கலாமா? பயணத்தில் அரை மணி நேரம் கண் அசந்தால்?

ஈரவிழி

குளிக்க வேண்டாம். கழற்றிவிட்டுக் குளியுங்கள், நீச்சலுக்கும் அதே. குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கக்கூடும். குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டினால் கருவிழியைத் தின்னும். கூடு கட்டி ஒளிந்துகொள்வதால் மருந்து மாதக் கணக்கில் போகும், பார்வையும் போகலாம். லென்ஸைத் தண்ணீரில் அலசுவது, எச்சில் தொட்டுப் போடுவது எல்லாம் அதே கணக்கில்தான்.

தூக்கம்: கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜன் காற்றிலிருந்துதான் வர வேண்டும். கண் திறந்திருக்கும்போது லென்ஸுக்கு ஆக்சிஜன் கடத்தும் திறன் (Dk/t என்ற அளவு) 24 இருந்தால் போதும், மூடித் தூங்கினால் 87 வேண்டும் என்று ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் கணக்கிட்டார்கள். சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் பல 87-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் தொற்று அதோடு குறையவில்லை, ஆக்சிஜனும் கிருமியும் தனித்தனிப் பிரச்சினை. லென்ஸோடு தூங்குவது தொற்று அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. பயணத்தில் கண் சொக்கும் என்று தெரிந்தால் ஏறும்போதே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறியாமல் தூங்கிவிட்டால் எழுந்ததும் பிடுங்காமல், சொட்டு விட்டுக் காத்திருந்து கழற்றி, அன்று மறுபடி போடாதீர்கள்.

வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுவது, மங்கல், இவற்றில் எது வந்தாலும் லென்ஸை எடுத்துவிட்டு அன்றே கண் மருத்துவரிடம். எடுத்த பிறகும் வலி கூடிக்கொண்டு போனால் இரவென்று பார்க்க வேண்டாம். கண்ணைக் கட்டி மூடாதீர்கள், வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டை விடாதீர்கள். கழற்றிய லென்ஸைத் தூக்கிப் போடாமல் கேஸோடு எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே வளர்த்துப் பார்க்க முடியும்.